முப்பத்தேழு சதவீதத்தில் மாட்டிய மாப்பிள்ளை

வருகிற ஞாயிற்றுக்கிழமை நிக்காஹை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் தானிஷ் ஜவ்வாது மலைக்குப் பஸ் ஏறினான் என்றால், அது ஒரு மணி நேர வேலை என்று நம்பித்தான். மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடலாம், சாயங்காலம் வாணியம்பாடிக்குப் போய் ஷெர்வானியைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்பது அவன் போட்ட கணக்கு.

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவனுக்கு ஒரு கடை. ஜெராக்ஸ் எடுப்பான், போனுக்கு ரீசார்ஜ் செய்வான், பாஸ்போர்ட் போட்டோ பிடிப்பான், கம்ப்யூட்டர் ரிப்பேரும் பார்ப்பான். கடைசியாகச் சொன்னதுதான் போர்டில் பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் அந்த வித்தையில் அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் அணைத்துவிட்டு மறுபடி போடுவான். அப்படியும் சரியாகவில்லையா, இன்னொரு தடவை அணைத்துவிட்டுப் போடுவான். பெரும்பாலும் அதற்குள் சரியாகிவிடும். ஆகாததை வாணியம்பாடிக்கு அனுப்பிவிடுவான்.

அவனைக் கூப்பிட்டிருந்தது சிறுதானியக் கணக்கெடுப்பு மலைக்கோட்ட அலுவலகம். மலையில் சாமை எவ்வளவு விளைந்தது, கேழ்வரகு எவ்வளவு விளைந்தது என்று வருஷா வருஷம் சென்னைக்குச் சொல்வது அந்த அலுவலகத்தின் வேலை. அங்கே இருந்த ஒரே கம்ப்யூட்டர் எந்தக் காலத்தில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. வெள்ளையாக வந்ததாம், இப்போது வெல்ல நிறம். சனிக்கிழமைக்குள் எல்லா அலுவலகக் கம்ப்யூட்டர்களிலும் புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றியாக வேண்டும், ஏற்றாத அலுவலகம் மலைக்குக் கீழே இருக்கிற கலசப்பாக்கம் அலுவலகத்தோடு இணைக்கப்படும் என்று சென்னையிலிருந்து உத்தரவு வந்திருந்தது. இணைத்துவிட்டால் கோட்ட அலுவலர் ராஜவேலுவுக்கு ஜீப் போய்விடும், மலைப்படி போய்விடும், வாசலில் இருக்கிற பெயர்ப்பலகையும் போய்விடும். ஆகையால் அவர் அந்த வாரம் முழுக்க அறிவியல் வளர்ச்சியில் மிகுந்த அக்கறையோடு இருந்தார்.

தானிஷ் ஸ்விட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் மாவு மில் மாதிரி இரைந்தது. மேஜை அதிர்ந்து, மேலே இருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது.

"சார், இது ரொம்பப் பழசு சார். புது சிஸ்டத்த இது தாங்குமான்னு தெரியல."

"தாங்கும்" என்றார் ராஜவேலு. "தாங்கும்னு நான் போன வாரமே எழுதிக் குடுத்துட்டேன்."

எழுதிக் கொடுத்தபிறகு தாங்காமல் இருக்க அதற்கு என்ன துணிச்சல் வரும்? தானிஷ் பென் டிரைவைச் செருகினான். கண்காணிப்பாளர் அருணகிரி ஒரு எலுமிச்சம்பழத்தை மானிட்டரைச் சுற்றி நசுக்கினார். இளநிலை உதவியாளர் ஈஸ்வரி கற்பூரம் காட்டினாள். புது சிஸ்டம் ஏற ஆரம்பித்தது. ஐந்து, பன்னிரண்டு, இருபது என்று எண்கள் ஏறின. மதியத்துக்குள் முப்பத்தேழு வந்தது. அதோடு நின்றது.

திரையில் நல்ல தமிழில் எழுதியிருந்தது: "புதுப்பிக்கப்படுகிறது. 37% முடிந்தது. கணினியை அணைக்க வேண்டாம்."

தானிஷ் கொஞ்ச நேரம் பார்த்தான். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தான். முப்பத்தேழுதான். பிறகு அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்யக் கையை நீட்டினான். அருணகிரி பாய்ந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இன்னா பண்ற?"

"அணைச்சிட்டுப் போட்றேன் சார்."

"படிக்கத் தெரியும் இல்ல? இன்னா எழுதிக்கீது அங்க?"

"அணைக்க வேண்டாம்னு. அது மெஷினு சொல்றது சார்."

"மெஷினு யாருது?"

"கவர்ன்மென்டுது."

"அப்ப உத்தரவு யாருது?"

அருணகிரி அவன் கையை விடாமல் விளக்கினார். முப்பது வருஷ சர்வீஸில் இவ்வளவு தெளிவான உத்தரவை அவர் பார்த்ததே இல்லையாம். பார்வை எண்ணும் இல்லை, நாளும் இல்லை, அதனால் காலாவதியும் கிடையாது. ஒரு உத்தரவை ரத்து செய்ய வேண்டுமென்றால் அதைப் போட்டவர்தான் ரத்து செய்யலாம், இல்லாவிட்டால் அவருக்கு மேலே இருக்கிறவர் செய்யலாம். போட்டவர் யார் என்று தெரியாதபோது அவருக்கு மேலே இருக்கிறவர் யார் என்று எப்படித் தெரியும்?

"அப்ப நான் கெளம்பட்டா சார்? ஆனதும் போன் பண்ணுங்க."

"எப்படிப் போவ? நிறுவல் அலுவலர் பொறுப்பு உன் பேர்லதான் போட்டிருக்குது. வேலை முடியற வரைக்கும் தலைமையிடத்த விட்டு நகரக் கூடாது."

"நான் கவர்ன்மென்டு ஆளே இல்லியே சார்!"

"அதனாலதான் பொறுப்புன்னு போட்டிருக்கோம்" என்றார் அருணகிரி, அவனைச் சமாதானப்படுத்தும் குரலில்.

அன்று சாயங்காலப் பஸ் அவன் இல்லாமல் போனது. மறுநாள் பஸ்ஸும் போனது. ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். யாராவது தெரியாமல் பிளக்கைப் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது நிறுவல் அலுவலரின் கடமை. படுக்கை பதிவறை மேஜையில். மாற்றுத் துணி இல்லாததால் ஈஸ்வரி தன் புருஷனின் லுங்கியும் சட்டையும் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் புருஷன் இரண்டு தானிஷ் அகலம் இருப்பான் போலிருக்கிறது. சட்டைக்குள் தானிஷ் தேட வேண்டிய ஆளாக இருந்தான்.

பெண்ணைப் பெற்ற லத்தீப் வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்கிறவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார் என்று பெயர். செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளைக்குப் போன் செய்தார்.

"எங்க கீற?"

"மலைல மாமா. கம்ப்யூட்டர்ல சிஸ்டம் ஏத்திக்கினு கீறேன். முப்பத்தேழு சதவீதம் ஆயிருக்கு."

"சரி" என்று வைத்துவிட்டார். புதன்கிழமை மறுபடி கூப்பிட்டார்.

"இப்ப?"

"முப்பத்தேழு மாமா."

போனில் பெருமூச்சு மட்டும் கேட்டது.

புதன்கிழமை மத்தியானம் மலையில் பலத்த காற்று. கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டருக்கு அடியில் இருந்த யூபிஎஸ் பெட்டி கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. ராஜவேலு அறையிலிருந்து வெறுங்காலோடு ஓடிவந்தார்.

"அணையப் போவுது! அணைக்க வேண்டாம்னு போட்டிருக்கு, அணையப் போவுது!"

ஜீப்பை ஜன்னலோரம் கொண்டுவந்து நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்தார்கள். அது அரை மணி நேரம் தாங்கியது. அதற்குள் திருவிழாக்களுக்கு சவுண்ட் சர்வீஸ் வைக்கிற ஒருவரைப் பிடித்து ஜெனரேட்டர் கேட்டார்கள். ஜெனரேட்டரைத் தனியாகத் தரமாட்டேன், மைக் செட்டும் நாலு ஒலிபெருக்கிக் குழாயும் சேர்த்துத்தான் என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். சரியென்று நாலு குழாயையும் கூரையில் கட்டினார்கள். கட்டியதைச் சும்மா வைத்திருந்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்று அருணகிரி தினம் மூன்று வேளை மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த மலைவாழ் பெருமக்களே! நமது அலுவலகக் கணினியின் மாலை நேர நிலவரம், முப்பத்தேழு! முப்பத்தேழு! கணினியை அணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்."

சாமைக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்கள். யாரிடமும் கணினி இல்லை. ஆனாலும் அரசாங்கம் இவ்வளவு கேட்டுக்கொள்கிறதே என்று அன்று இரவு சிலர் வீட்டு விளக்கைக்கூட அணைக்காமல் விட்டார்கள் என்று ஈஸ்வரி வந்து சொன்னாள்.

சென்னைக்கும் தினமும் மூன்று வேளை நிலவரம் போனது. புதன்கிழமை மாலை சென்னையிலிருந்து கோபமாகப் போன் வந்தது. இரண்டு நாளாக ஒரே எண்ணா? முன்னேற்றம் எங்கே? ராஜவேலு வியர்த்துப்போய் அருணகிரியைப் பார்த்தார்.

"சார், இதுக்குப் போயி மனச உடலாமா?" என்றார் அருணகிரி. "மழையே பெய்யாத வருஷத்துல சாமை வெளைச்சல ஏத்திக் காட்டுனவங்க நாம. ஒரு சதவீதத்த ஏத்த முடியாதா?"

"ஏத்தலாம். ஆனா ஸ்க்ரீன்ல முப்பத்தேழுன்னுதான கீது சார்?" என்றாள் ஈஸ்வரி.

"ஸ்க்ரீன் நம்ம ஆபீஸ் உள்விவகாரம்மா. அத ஏன் சென்னைக்குச் சொல்லணும்?"

அதன்பிறகு எண் நன்றாக விளைந்தது. அன்று இரவே நாற்பத்திநாலு. வியாழக்கிழமை காலை ஐம்பத்தெட்டு. மைக்கில் ஐம்பதைத் தாண்டிவிட்டது என்று அறிவித்தபோது டீக்கடையில் கை தட்டினார்கள். மதியம் எழுபத்திரண்டு. சாயங்காலம் தொண்ணூற்றெட்டு என்று எழுதப்போன ஈஸ்வரியை அருணகிரி தடுத்து, ரொம்பச் சீக்கிரம் ஏறினால் சந்தேகம் வரும் என்று தொண்ணூற்றொன்று ஆக்கினார். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நூறு.

தானிஷ் துள்ளி எழுந்தான்.

"நூறு ஆயிடுச்சே சார், நான் போலாமா?"

ராஜவேலு அவனைப் பரிவோடு பார்த்தார். "ரிப்போர்ட்ல நூறு ஆயிருக்கு தம்பி. ரிப்போர்ட் எங்க பொறுப்பு. நீ ஸ்க்ரீனுக்குத்தான பொறுப்பு?"

திரையில் முப்பத்தேழு அப்படியே இருந்தது. அந்த நேரம் பார்த்து லத்தீப் கூப்பிட்டார்.

"ஆச்சா?"

"நூறு ஆயிடுச்சு மாமா" என்றான் தானிஷ். அவனுக்குத் தூக்கமில்லை, தலை சுற்றியது. "ஆனா முப்பத்தேழுதான் ஆயிருக்கு."

பின்னாலிருந்து ஈஸ்வரி, "தம்பி, எங்கூட்டுக்காரரு லுங்கிய அவுத்துக் குடு, தொவைக்கணும்" என்று சத்தமாகச் சொன்னதும் போனில் தெளிவாகவே விழுந்தது. லத்தீப் போனை வைத்துவிட்டார்.

அலுவலகத்தில் வேறு கொண்டாட்டம். மாநிலத்திலேயே முதலில் நூறு தொட்டது மலைக்கோட்டம்தான் என்று சென்னை அறிவித்துவிட்டது. கணினியைத் தொடங்கிவைக்க சனிக்கிழமை காலை இணை இயக்குநரே நேரில் வருகிறாராம். ராஜவேலு சந்தோஷத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தார், பயத்தில் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"ஸ்க்ரீனப் பாத்துட்டா?"

"பட்டுத் துணி போட்டு மூடிட்டா?" என்றார் அருணகிரி.

சனிக்கிழமை விடுமுறை நாள். ஆனாலும் வாசலில் பந்தல் எழுந்தது. இரண்டு வாழை மரம் கட்டினார்கள். கம்ப்யூட்டரைப் பட்டுத் துணியால் மூடி, அதன் மேல் ரிப்பன் சுற்றி, மேஜையோடு தூக்கிப் பந்தலில் வைத்தார்கள். பிளக் பிடுங்காமல் தூக்க வேண்டியிருந்ததால் தானிஷ் ஒயரைப் பிடித்துக்கொண்டு குழந்தையைப் பின்தொடர்கிற தாய் மாதிரி பின்னாலேயே நடந்தான். நாற்பது நாற்காலி போட்டாகிவிட்டது. உட்கார ஒரு பயனாளி வேண்டுமே! அந்தப் பக்கமாக மாடு தேடிக்கொண்டு வந்த கோபால்சாமி என்ற விவசாயியைப் பிடித்து முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள்.

பத்து மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, கடுகடுத்த முகத்தோடு ஒருவர் இறங்கினார். இணை இயக்குநரை ராஜவேலு அதுவரை பார்த்ததில்லை. ஆனால் இவ்வளவு கோபமான முகம் கீழ்நிலையில் இருப்பவருக்கு வர வாய்ப்பே இல்லை என்று அவருக்குத் தெரியும். மேளக்காரர்களுக்குச் சைகை காட்டினார்.

பந்தலின் பின்பக்கம் ஒயரோடு உட்கார்ந்திருந்த தானிஷ் எட்டிப் பார்த்தான். வந்திருப்பது அவன் மாமனார்.

"சார், அவரு..." என்று அருணகிரியிடம் ஆரம்பித்தான்.

"அப்புறம் தம்பி, அப்புறம்."

"என் மாப்பிள எங்க?" என்றார் லத்தீப். மேளச் சத்தத்தில் ராஜவேலுவுக்கு எதுவும் கேட்கவில்லை. மார்பு வரைக்கும் தொங்குகிற ரோஜா மாலையை அவர் கழுத்தில் போட்டார். லத்தீப் அதைக் கழற்றப் போனார். கை பாதி வழியில் நின்றது. வாணியம்பாடி மண்டியில் முப்பது வருஷம் தோலோடு போராடிய மனிதருக்கு இதுவரை யாரும் மாலை போட்டதில்லை. அவர் குனிந்து ரோஜாவை மோந்து பார்த்தார். பிறகு மெதுவாக முதல் வரிசை சோபாவில் உட்கார்ந்தார்.

"தானிஷக் கூட்டிக்கினு போவ வந்தேன்" என்று மட்டும் சொன்னார். குரலில் பழைய காட்டம் இல்லை.

ராஜவேலுவுக்குப் புரிந்துவிட்டது. "ஐயா! அவரைச் சென்னைக்கு எடுத்துக்காதீங்க ஐயா. அவர் போய்ட்டா ஒயர் பிடிக்க எங்களுக்கு ஆளில்லீங்க."

லத்தீப் அவரை வினோதமாகப் பார்த்தார். அதற்குள் ராஜவேலு மைக்கைப் பிடித்துவிட்டார். நாலு குழாயிலும் அவர் குரல் மலை முழுக்க உருண்டது.

"மாண்புமிகு... மன்னிக்கவும், மதிப்பிற்குரிய ஐயா அவர்களே! இந்தக் கணினி இந்த அலுவலகத்தில் எத்தனையோ ஆண்டுகளாக இருக்கிறது. ஒருநாள்கூட நாங்கள் இதைத் தொந்தரவு செய்ததில்லை. தூசி படக் கூடாது என்று மூடியே வைத்திருந்தோம். கணினி எதற்கு என்று விவசாயிகள் கேட்டார்கள். அதே கேள்வியை நாங்கள் மேலிடத்தில் கேட்டோம். கேட்கக் கூடாது என்று மேலிடம் சொன்னது. அன்றிலிருந்து இந்த அலுவலகத்தில் கேள்வி என்பதே கிடையாது!"

கோபால்சாமி கை தட்டினார். ராஜவேலுவுக்கு உற்சாகம் பிறந்தது.

"சாமை விளைச்சலை நாங்கள் எப்படிக் கணக்கெடுக்கிறோம் என்று சிலர் கேட்கலாம். வயலுக்குப் போய்க் கணக்கெடுத்தால் ஒரு வருஷம் ஏறும், ஒரு வருஷம் இறங்கும். நிர்வாகத்துக்கு அது நல்லதல்ல. எனவே நாங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகாமல் கணக்கெடுக்கிறோம். பன்னிரண்டு ஆண்டுகளாக விளைச்சல் ஒரே சீராக உயர்ந்துகொண்டிருக்கிறது! வறட்சியால்கூட எங்கள் சாதனையைத் தடுக்க முடியவில்லை! அதே முறையைத்தான் இந்தக் கணினியிலும் கையாண்டோம்..."

அருணகிரி பலமாக இருமினார். ராஜவேலு சட்டென்று நிறுத்தி, பயனாளியைப் பேச அழைத்தார். கோபால்சாமி மைக்கை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நான் மாட்டத் தேடிக்கினு வந்தேங்க. செவப்பு மாடு. கொம்பு இப்டி வளைஞ்சிருக்கும். யாராவது பாத்தீங்களா?"

"பாருங்கள்!" என்று ராஜவேலு மைக்கை வாங்கிக்கொண்டார். "நேற்றுவரை மாட்டைத் தேடிக்கொண்டிருந்த விவசாயி இன்று கணினியைத் தேடி வந்திருக்கிறார்! இதைவிட வேறென்ன முன்னேற்றம் வேண்டும்?"

"இல்லீங்க, இன்னைக்கிம் மாட்டத்தான்..." என்ற கோபால்சாமியைக் கைத்தட்டல் உட்காரவைத்தது.

பிறகு லத்தீபை மேடைக்கு அழைத்தார்கள். வெள்ளித் தட்டில் கத்தரிக்கோல் நீட்டினார்கள். அவர் ரிப்பனை வெட்டினார். தோல் வெட்டிப் பழகிய கை, ஒரே வெட்டு. பட்டுத் துணி சரிந்தது. அருணகிரி அதைத் தாவிப் பிடித்துத் திரையை மட்டும் மறைத்துக்கொண்டார். கீழே பெட்டி வெல்ல நிறத்தில், மாவு மில் இரைச்சலோடு உட்கார்ந்திருந்தது. இதற்குள் ஒயர் போகிற வழியே பார்வையை ஓட்டிய லத்தீப், அதன் மறுமுனையில், ஒரு தொளதொளச் சட்டைக்குள் மாப்பிள்ளை கைகூப்பி நிற்பதைக் கண்டுவிட்டார். வாரம் முழுக்க அவனைப் பிடித்துவைத்தது எது என்றும் அவருக்கு விளங்கிவிட்டது.

"இதுவா அது?" என்றார்.

"ஆமாங்கய்யா, இதேதான்!" என்றார் ராஜவேலு பெருமையோடு.

லத்தீப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். அதில் ஒரே ஒரு பெரிய பொத்தான் இருந்தது. அதை விரல் வைத்து, விடாமல், அழுத்தமாக அமுக்கினார்.

இரைச்சல் நின்றது. மேஜை அதிர்வது நின்றது. ஒரு வாரத்துக்குப் பிறகு மலையில் குருவிச் சத்தம் கேட்டது.

தானிஷுக்கு அழுகையே வந்துவிட்டது. திங்கட்கிழமை மத்தியானம் அவன் செய்ய நினைத்த காரியம் அது.

அருணகிரி துணியை விலக்கிப் பார்த்தார். திரை கன்னங்கரேலென்று இருந்தது. முப்பத்தேழு இல்லை. எந்த எண்ணும் இல்லை. அவர் முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது. ராஜவேலு மைக்கில் பாய்ந்தார்.

"கேட்டீர்களா? சத்தமே இல்லை! இதுதான் புதிய தொழில்நுட்பம்! கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது!"

கைத்தட்டலில் பந்தல் ஆடியது. மேளம் கொட்டியது. அந்த நேரத்தில் ஈஸ்வரி போனைக் காதில் வைத்துக்கொண்டு மேடைக்கு ஓடிவந்து அருணகிரியின் காதில் சொன்னாள். சென்னையிலிருந்து பேசுகிறார்கள். இணை இயக்குநருக்கு வேறு கூட்டமாம், வரமுடியவில்லையாம். ஆனால் அவர் வந்து தொடங்கிவைத்ததாகக் காலையிலேயே பத்திரிகைகளுக்குச் செய்தி போய்விட்டதாம். ஆகவே வந்ததாகவே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

அருணகிரி மெதுவாக லத்தீபின் பக்கம் திரும்பினார்.

"ஐயா... நீங்க யாருங்க?"

"மாமனாரு."

"யாருக்குங்க?"

லத்தீப் ஒயரின் மறுமுனையைக் காட்டினார். ராஜவேலுவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அதிகாரமில்லாத ஒருவர் அரசுக் கணினியை அணைத்துவிட்டார். அதுவும் மைக் வைத்து, மேளம் கொட்டி, மாலை போட்டு, நாற்பது நாற்காலி முன்னால்.

"பயப்படாதீங்க சார்" என்றார் அருணகிரி. ஆபத்தில்தான் அவர் அறிவு பளிச்சிடும். "சென்னை சொல்றத வச்சிப் பாத்தா இணை இயக்குநர் வந்துட்டாரு. வந்தவருதான அமுக்கினாரு? அவருக்கு ரத்து பண்ண அதிகாரம் இருக்குது. எல்லாம் மொறப்படிதான் நடந்திருக்குது. இவருதான் வரவே இல்ல."

"இன்னாது? நான் வரலையா?" என்றார் லத்தீப்.

"கோப்புப்படி வரலீங்க."

"அப்ப மாப்பிளைய யாரு கூட்டிக்கினு போறது?"

அருணகிரி யோசித்தார். "நிறுவல் முடிஞ்சிடுச்சு. பொறுப்பு தானா போயிடுச்சு. கோப்புப்படி இப்ப அந்தத் தம்பியும் இங்க இல்ல. இல்லாத ஆள வராத ஆளு கூட்டிக்கினு போனா எங்களுக்கு ஆட்சேபணை இல்லீங்க."

தானிஷ் ஒயரைக் கீழே போட்டான். பதிவறைக்கு ஓடித் தன் பழைய பேண்ட் சட்டையை மாட்டிக்கொண்டான். ஈஸ்வரியிடம் லுங்கியையும் சட்டையையும் கொடுத்துவிட்டு, "கண்டிப்பா நிக்காஹுக்கு வாக்கா, அண்ணனையும் கூட்டிக்கினு வா" என்றான். கம்ப்யூட்டரை மறுபடி போட்டுப் பார்க்கட்டுமா என்று வாய்வரை வந்ததை முழுங்கிக்கொண்டான். போடவேண்டிய தேவையும் வரவில்லை. தொடங்கிவைக்கப்பட்ட பொருளை யாரும் தொடக் கூடாது என்று அருணகிரி அதைப் பட்டுத் துணியால் மூடிக்கொண்டிருந்தார். பந்தலின் ஓரத்தில் பெரிய கூச்சல் கேட்டது. கோபால்சாமி தன் சிவப்பு மாட்டைக் கண்டுபிடித்துவிட்டார். அது ஒரு வாழை மரத்தை முழுசாகத் தின்றுவிட்டு இரண்டாவதில் பாதியில் இருந்தது.

கார் மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கியது. தானிஷ் மாமனாரைப் பார்க்கப் பயந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். மூலிகைக் காற்றும் ரோஜா வாசமும் மாறி மாறி அடித்தன. எந்த வளைவிலாவது ஏச்சு ஆரம்பிக்கும் என்று காத்திருந்தான். லத்தீபோ மாலையின் இதழ்களை நீவிவிட்டபடி வந்தார். பாதி மலை இறங்கியபிறகு தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள."

"மாமா, மன்னிச்சிடுங்க மாமா, நான் வேணும்னே..."

"அது கெடக்குது. இந்த மாரி ஆபீஸு இன்னும் எத்தினி கீது?"

"எதுக்கு மாமா?"

"சும்மா கேட்டேன்."

ஆலங்காயம் வரும்வரை அவர் வேறு எதுவும் பேசவில்லை. ஆனால் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஒரு தடவை, ரோட்டோரம் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து அவர் கையை உயர்த்தி ஆட்டியதைத் தானிஷ் கவனித்தான். கண் அசந்ததில் வந்த கனவாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் நல்லபடி முடிந்தது. வாணியம்பாடியில் மண்டபம் நிறைந்த கூட்டம். மலையிலிருந்து ஈஸ்வரியும் அவள் புருஷனும் வந்திருந்தார்கள். புருஷன் உண்மையிலேயே இரண்டு தானிஷ் அகலம். நிக்காஹ் ஓதி, துஆ முடிந்து, மாப்பிள்ளையைக் கொண்டுபோய்ப் பெண்ணின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ஆஸ்மா மல்லிகைப் பூக்களின் திரைக்குள்ளிருந்து, ஒரு வாரமாகப் போனில் மட்டும் அழவைத்தவனை நன்றாகப் பார்த்துச் சிரித்தாள்.

"முழுசா வந்துட்டியா?"

"முழுசா வந்துட்டேன்" என்றான் தானிஷ். அவனுக்கு உடம்பு லேசாகி, நாற்காலியிலிருந்து மிதந்து மேலே போய்விடுவோமோ என்றிருந்தது.

பிரியாணி வாசம் மண்டபத்தைச் சுற்றியது. ஜனங்கள் பந்திக்கு எழுந்தார்கள். அப்போது மைக்கில் ஒரு குரல் கேட்டது.

"மாண்புமிகு பெரியோர்களே! மதிப்பிற்குரிய தாய்மார்களே!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் லத்தீப் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் புது மாலை. மாப்பிள்ளை மாலையைவிட ஒரு முழம் நீளம்.

"எனது சீரிய முயற்சியாலும் தொலைநோக்குப் பார்வையாலும் இத்திருமணம் இன்று வெற்றிகரமாகச் செயல்படுத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பெருமகிழ்ச்சியோடு..."

ஆஸ்மா தானிஷின் கையைப் பிடித்தாள். "அத்தாவுக்கு இன்னா ஆச்சு? வூட்ல தண்ணி கேக்கக்கூட வாயத் தொறக்கமாட்டாரு."

மேடையிலிருந்து லத்தீப் கூட்டத்தைக் கனிவோடு பார்த்தார். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், மைக்கைத் தட்டிப் பார்த்தார், பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"முதலாவதாக" என்றார்.

பிரியாணி மாஸ்டர் திறந்த தேக்சாவை மறுபடி மூடினார்.